பச்சிளம் மூச்சும் மூளைத்தண்டின் செரட்டோனினும்

மூச்சின் தாளத்தை உண்டாக்குவது, நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனின் அல்ல. அந்த வேலையைச் செய்வது வேறொரு நரம்பணுக் கூட்டம். மூளையில் செரட்டோனின் நரம்பணுக்களே அநேகமாக இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகூட, வளர்ந்து ஆளான பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் மற்ற எலிகளைப் போலத்தான் மூச்சு விடுகிறது. அப்படியிருக்க, தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளை ஆராய்கிறவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாக இந்த ஒரு வேதிப்பொருளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்? குறை இருந்தாலும் சாதாரண வேளையில் அது வெளியே தெரியாது என்பதுதான் விடை. வாழ்வின் முதல் சில மாதங்களில், அதுவும் தூக்கத்தில், மூக்குக்கு முன்னால் இருக்கும் காற்று கெட்டுப்போகும் சில நிமிடங்களில் மட்டும் அது தெரிகிறது. தெரிகிற நேரத்தில் பார்க்க யாரும் விழித்திருப்பதில்லை.

தாளம் எங்கிருந்து வருகிறது

முதுகுத்தண்டுவடம் மூளையோடு சேரும் இடத்தில் இருக்கும் முகுளத்தின் இரு பக்கங்களிலும், முன்புறமாக, சில ஆயிரம் நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று உண்டு. முன் பாட்ஸிங்கர் தொகுதி என்பது அதன் பெயர். ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் 1991-இல் இதை அடையாளம் காட்டினார்கள். அவர்கள் செய்த சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் செரட்டோனினின் கதை அந்தச் சோதனைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சில்லைக் குறுக்காக வெட்டி எடுக்கிறார்கள். ஆக்சிஜன் ஏற்றிய உப்புநீரில் அதை வைத்து, நாக்கை இயக்கும் பன்னிரண்டாவது மண்டை நரம்பின் வேர் நுனியில் ஒரு கண்ணாடி மின்முனையைப் பொருத்துகிறார்கள். உடலும் நுரையீரலும் இல்லாத அந்தச் சில்லு, சில விநாடிக்கு ஒருமுறை மூச்சிழுக்கும் கட்டளையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த நீரில் பொட்டாசியம், உடலில் இருப்பதுபோல 3 மில்லிமோல் அளவில் இருந்தால், பெரும்பாலான சில்லுகளில் தாளம் மெல்ல மங்கி நின்றுவிடும். 8 அல்லது 9 மில்லிமோலுக்கு உயர்த்தினால்தான் மணிக்கணக்கில் நிலைக்கும். பொட்டாசியம் கூடும்போது நரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. உயிருள்ள மூளையில் யாரும் பொட்டாசியத்தை இப்படி ஏற்றிக் கொடுப்பதில்லை. அங்கே அந்த உந்துதலைத் தருபவை வேறு நரம்பணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள். அவற்றில் முதல் வரிசையில் இருப்பது செரட்டோனின். சில்லில் எஞ்சியிருக்கும் செரட்டோனின் நரம்பணுக்கள் இந்த வேலையை அங்கேயும் ஓரளவு தொடர்கின்றன. செரட்டோனின் வந்து ஒட்டிக்கொண்டு செல்லை இயக்கும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர்; அவற்றில் 2ஏ வகையை மருந்து கொடுத்து அடைத்துவிட்டால் தாளம் தளர்ந்துபோவதை பெர்னாண்டோ பெனா, யான்-மரினோ ராமிரெஸ் இருவரும் 2002-இல் காட்டினார்கள்.

கச்சேரியில் தாளம் தட்டுகிறவர் வேறு, தம்புரா மீட்டுகிறவர் வேறு. செரட்டோனின் இரண்டாவது ஆள்.

நடுக்கோட்டில் ஒரு கூட்டம்

மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் செரட்டோனின் தயாரிப்பவை சில இலட்சம் மட்டுமே. அவை கிட்டத்தட்ட எல்லாமே மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி, ரஃபே கருக்கள் என்ற நரம்பணுத் திரள்களாக மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஸ்வீடனின் டால்ஸ்ட்ரோமும் ஃபூக்ஸேயும் 1964-இல் ஃபார்மால்டிஹைடு ஆவியில் மூளைச் சீவல்களைப் பதப்படுத்தி, செரட்டோனின் உள்ள செல்கள் மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டு, அவற்றை பி1 முதல் பி9 வரை எண்ணிட்டார்கள். மேல் பாதியில் இருப்பவை பெருமூளையை நோக்கி இழைகளை அனுப்பும். மனநிலை, தூக்கம், விழிப்பு என்று பொதுவாகப் பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாதியின் வேலை. மூச்சுக்கு முக்கியமானவை முகுளத்தில் இருக்கும் கீழ்ப் பாதிக் கருக்கள்: ரஃபே மேக்னஸ், ரஃபே ஆப்ஸ்கூரஸ், ரஃபே பாலிடஸ். இவற்றோடு முகுளத்தின் முன்பரப்பை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் செல்களும் சேரும்.

இவற்றின் இழைகள் மூச்சுக்கு வேண்டிய எல்லா இடத்துக்கும் போகின்றன. முன் பாட்ஸிங்கர் தொகுதிக்குப் போய்த் தாளத்தைத் தாங்குகின்றன. கழுத்துத் தண்டுவடத்தில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பணுக்களுக்குப் போய், ஒவ்வொரு இழுப்பின் வலுவையும் கூட்டுகின்றன. நாக்குத் தசையை இயக்கும் நரம்பணுக்களுக்குப் போய், நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. இதயத் துடிப்பையும் இரத்தக் குழாய்களையும் கட்டுப்படுத்தும் பகுதிகளுக்கும், உடல் சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பை இயக்கும் பாதைக்கும் கிளைகள் உண்டு. ஒரே கூட்டம் இத்தனையையும் தொடுவதால், அது தளர்ந்தால் தளர்ச்சி மூச்சோடு நிற்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சூடான அறை, கனத்த போர்வை போன்றவை ஏன் மூச்சுப் பிரச்சினையின் பட்டியலில் வருகின்றன என்பது அப்போதுதான் புரியும்.

இந்தச் செல்கள் செரட்டோனினை மட்டும் விடுவதில்லை. முகுளத்தில் இருப்பவற்றில் பல, சப்ஸ்டன்ஸ் பி என்ற சிறு புரதத் துண்டையும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை வெளிவரச் செய்யும் டி.ஆர்.எச். என்ற பொருளையும் சேர்த்தே விடுகின்றன. இரண்டும் மூச்சைத் தூண்டுபவை. செரட்டோனினுக்கு உடலில் பதினான்கு வகை ஏற்பிகள் இருப்பதால், அதே பொருள் இடத்துக்கு இடம் வேறு வேறு விளைவைத் தருகிறது. 2ஏ, 2சி, 4, 7 வகைகள் பெரும்பாலும் தூண்டும். 1ஏ வகை அடக்கும். செரட்டோனின் நரம்பணுவின் உடலிலேயே இந்த 1ஏ ஏற்பி நிறைய இருக்கிறது: தான் விட்ட செரட்டோனினைத் தானே உணர்ந்து, போதும் என்று தன்னையே அடக்கிக்கொள்ளும் பூட்டு அது. இந்தப் பூட்டு மிகை இறுக்கமானால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருவோம்.

வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, அதைக் கொடுத்தால் குழந்தைக்கு நல்லது என்ற பேச்சு சில சமயம் காதில் விழும். பழத்தில் இருப்பது உண்மைதான். உடலின் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருப்பதும் உண்மை. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைச் செரட்டோனின் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதை ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. அதற்கென்று தனி நொதி உண்டு. டி.பி.எச்.2 என்று பெயர். குடலில் வேலை செய்யும் நொதி வேறு, மூளையில் வேலை செய்வது வேறு என்பது 2003-இல்தான் தெரிந்தது. இந்த நொதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் உற்பத்தி.

கரியமில வாயுவை யார் மோப்பம் பிடிக்கிறார்கள்

மூச்சை நிமிடத்துக்கு நிமிடம் சரிசெய்வது ஆக்சிஜன் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதன்மையான அளவுகோல் கரியமில வாயு. இரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறினாலே இரத்தம் சற்று அமிலமாகும், உடனே மூச்சு ஆழமாகும்.

அந்த ஏற்றத்தை மூளைக்குள் உணர்வது யார் என்பதில் நீண்ட வழக்கு ஒன்று இருக்கிறது. செரட்டோனின் நரம்பணுக்களே உணர்கின்றன என்பது ஜார்ஜ் ரிச்சர்சன் தரப்பு. இந்தச் செல்கள் முகுளத்தின் பெரிய தமனிகளை ஒட்டியே அமைந்திருப்பதையும், வளர்ப்புத் தட்டில் வைத்து அமிலத்தன்மையைக் கூட்டினால் வேகமாகத் துடிப்பதையும் அவர்கள் காட்டுகிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பட்ரிஸ் கியனே தரப்போ, உணர்வது ரெட்ரோட்ரெப்பிசாய்டு கரு என்ற வேறொரு கூட்டம் என்கிறது; மயக்கத்தில் வைத்த எலிகளில் செரட்டோனின் செல்கள் கரியமில வாயுவுக்கு அசைந்து கொடுக்கவில்லை என்பது அவர்கள் கண்டது. மயக்க மருந்தே அந்தச் செல்களை அடக்கியிருக்கலாம் என்று எதிர்வாதம் வந்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் மருத்துவ முடிவு அதிகம் மாறாது. மோப்பம் பிடிப்பது செரட்டோனினா, மோப்பம் பிடிப்பவனுக்கு வலு சேர்ப்பது செரட்டோனினா என்பதுதான் கேள்வி. அது இல்லாவிட்டால் பதில் பாதியாகிறது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

அந்தப் பாதி வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. எல்.எம்.எக்ஸ்.1பி என்ற மரபணுவைச் செரட்டோனின் செல்களில் மட்டும் நீக்கி, அச்செல்களே அநேகமாக இல்லாத சுண்டெலிகளை மேத்யூ ஹாட்ஜஸும் ரிச்சர்சனும் சோதித்தார்கள். 2008-இல் வந்த முடிவு: வளர்ந்த எலிகளின் ஓய்வு மூச்சு இயல்பு. ஆனால் கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்தபோது மூச்சு கூடும் அளவு ஏறக்குறைய 50 சதவீதம் குறைந்திருந்தது. குளிரில் வைத்தால் உடல் சூட்டைக் காப்பாற்றவும் அவற்றால் முடியவில்லை.

தூக்கத்திலிருந்து எழுப்புவதிலும் இதே கதை. உறங்கும் சாதாரண எலியின் காற்றில் கரியமில வாயுவைக் கூட்டினால் அது விழித்துக்கொள்ளும். செரட்டோனின் செல்கள் இல்லாத எலிகள் விழிக்கவில்லை. சத்தத்துக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் விழித்தன, கரியமில வாயுவுக்கு மட்டும் விழிக்கவில்லை. கார்டன் புக்கானனும் ரிச்சர்சனும் 2010-இல் வெளியிட்டது இது. 2ஏ ஏற்பியைத் தூண்டும் மருந்து கொடுத்தபோது அந்த விழிப்பு திரும்பியது என்பது பிறகு தெரிந்தது.

முதல் மாதங்களில் ஏன் இத்தனை ஆபத்து

பச்சிளம் குழந்தையின் உடல் கணக்கே நெருக்கடியானது. ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 6 முதல் 7 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது. பெரியவர்களுக்கு அதில் பாதி. நுரையீரலில் மிச்சம் வைத்திருக்கும் காற்றோ குறைவு. விலாக்கூடு இளக்கமாக இருப்பதால், உதரவிதானம் இழுக்கும்போது நெஞ்சு சற்று உள்வாங்கி உழைப்பை வீணாக்கும். பெரியவர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கும் நேரத்தில் குழந்தையின் இரத்த ஆக்சிஜன் சரிந்துவிடும்.

இன்னொன்று, ஆக்சிஜன் குறைந்தால் பச்சிளம் குழந்தை காட்டும் எதிர்வினை இரண்டு கட்டமானது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வேகமாகும், பிறகு எதிர்மாறாகக் குறையத் தொடங்கும். கருப்பையில் ஆக்சிஜன் குறைந்தால் அசைவைக் குறைத்துச் சிக்கனம் பிடிப்பதுதான் சரியான வழி. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது. உறக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண்கள் இமைக்குள் உருளும் சுறுசுறுப்பு உறக்கம். அந்த நேரத்தில் செரட்டோனின் நரம்பணுக்களின் துடிப்பு பொதுவாகத் தணிந்திருக்கும், மேல் பாதியில் இருப்பவை அநேகமாக அடங்கியே போகும். செரட்டோனின் இல்லாத எலிக்குட்டிகளிலும் மூச்சு நிற்றல்கள் குவிவது இந்த உறக்கத்தில்தான் என்று கெவின் கம்மிங்ஸ் குழு 2017-இல் காட்டியது.

செரட்டோனின் அமைப்பும் அப்போது முதிர்ந்திருப்பதில்லை. மனிதக் கருவில் ஐந்தாவது வார வாக்கில் இந்தச் செல்கள் தோன்றத் தொடங்கி, பதினைந்து வாரத்துக்குள் ரஃபே கருக்களாக ஒழுங்குபெறுகின்றன. ஆனால் ஏற்பிகளின் அளவும் இழைகளின் அடர்த்தியும் பிறந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கின்றன. எலியின் செரட்டோனின் செல்கள் அமிலத்தன்மைக்கு முழுமையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதே பிறந்து சுமார் பன்னிரண்டு நாளுக்குப் பிறகுதான்.

இங்கேதான் ஹாட்ஜஸின் 2009 ஆய்வு கண்ணைத் திறந்தது. வளர்ந்த பிறகு இயல்பாக மூச்சுவிடுவதாகச் சொன்னேனே, அதே எல்.எம்.எக்ஸ்.1பி எலிகளைப் பிறந்த முதல் நாள்களில் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. மூச்சு அடிக்கடி நின்றது, நீண்ட நேரம் நின்றது. நிறையக் குட்டிகள் செத்தன. பிழைத்தவை இரண்டு வார வயதை நெருங்கும்போது மூச்சு சீரடைந்தது. அதாவது வளர்ந்த மூளை வேறு உந்துதல்களை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது; பச்சிளம் மூளைக்கு அந்த மாற்று வழிகள் இன்னும் போடப்படவில்லை. இந்தக் குட்டிகளின் மூளைத்தண்டைத் தட்டில் வைத்துப் பார்த்தபோதும் தாளம் தாறுமாறாகவே இருந்தது. 2ஏ ஏற்பியையோ சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பியையோ தூண்டும் மருந்தைச் சொட்டியதும் சீரானது. இயந்திரம் கெடவில்லை, உந்துதல்தான் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது.

கடைசிக் கேவல்

தலைகுப்புற, முகம் மெத்தையில் புதைந்து உறங்கும் மூன்று மாதக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். விட்ட மூச்சே துணியின் குழிவில் தேங்கித் திரும்ப உள்ளே போகிறது. கரியமில வாயு ஏறுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. ஆரோக்கியமான குழந்தையிடம் முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு உடல் திடுக்கிடும். கை கால் உதறும். தலையைத் தூக்கித் திருப்பும், அழும். பெரும்பாலும் இந்த வரிசையின் முதல் இரண்டு படியிலேயே மூக்கு விடுபட்டுவிடும். அம்மாவுக்குத் தெரியவே வராது.

இந்தப் படிகள் தவறினால் அடுத்த அரண் ஒன்று உண்டு. ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்ததும் நினைவு தப்பி மூச்சு நின்றுபோகும், இதயம் மெதுவாகும். அதன் பிறகு, இயல்பான மூச்சிலிருந்து முற்றிலும் மாறுபட்ட, வாய் திறந்து வெடுக்கென்று இழுக்கும் கேவல்கள் தொடங்கும். ஒவ்வொரு கேவலும் நிறையக் காற்றை உள்ளே தள்ளும். அந்த ஆக்சிஜன் இதயத்துக்குப் போனால் துடிப்பு எகிறும், மூளைக்குப் போனால் இயல்பு மூச்சு திரும்பும். தானே தன்னை மீட்டுக்கொள்ளும் இந்தத் திறன் குட்டிப் பருவத்தில் வியக்கத்தக்க வலுவோடு இருக்கிறது.

கேவலை உண்டாக்குவதும் முன் பாட்ஸிங்கர் தொகுதிதான், ஆனால் வேறு முறையில். ஆக்சிஜன் இல்லாத நிலையில் அங்குள்ள பல செல்கள் அடங்கிவிட, விடாப்பிடியாகக் கசியும் சோடியம் மின்னோட்டத்தைக் கொண்டு தானே துடிக்கும் செல்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அவை துடிப்பதற்கு 2ஏ ஏற்பி வழியாக வரும் செரட்டோனின் தேவை என்று ட்ரைபா, பெனா, ராமிரெஸ் ஆகியோர் 2006-இல் காட்டினார்கள். முழு விலங்கிலும் இது பொருந்துகிறது. பெட்-1 என்ற மரபணு இல்லாத சுண்டெலிகளில் சுமார் 70 சதவீதம் செரட்டோனின் நரம்பணுக்கள் உருவாவதில்லை. இந்தக் குட்டிகளுக்கு ஆக்சிஜன் இல்லாத காற்றைச் சிறிது நேரம் கொடுத்து நிறுத்தினால், கேவல் தாமதமாகத் தொடங்குகிறது, இதயத் துடிப்பு தாமதமாக மீள்கிறது. ஒருமுறை தப்பித்துவிடும். அடுத்தடுத்து இதே சோதனையைச் செய்தால் எத்தனையாவதிலோ மீளாமல் போய்விடும்.

மனிதக் குழந்தைகளில் இதற்கு இணையாக ஒன்று உண்டு. வீட்டில் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருந்த நிலையிலேயே இறந்துபோன சில குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இதயம் தளர்ந்ததும் கேவல்கள் வந்ததும் தெரிந்தன. வந்த கேவல்கள் இதயத்தை மீட்கவில்லை.

இறந்த குழந்தைகளின் முகுளத்தில் கண்டது

ஒரு வயதுக்குள், உறக்கத்தில், உடற்கூறாய்வும் இறந்த இடத்து விசாரணையும் முடிந்த பிறகும் காரணம் பிடிபடாத மரணம் சிட்ஸ் எனப்படும் திடீர் சிசு மரணம். இரண்டு முதல் நான்கு மாதத்தில் உச்சம். பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள். பாஸ்டனின் ஹன்னா கின்னியும் ஃபிலியானோவும் 1994-இல் மூன்று ஆபத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள்: உள்ளே ஏதோ ஒரு பலவீனம் உள்ள குழந்தை, வளர்ச்சியின் இக்கட்டான பருவம், வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் மரணம். முதல் வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தேடித்தான் கின்னியின் குழு முகுளத்தைச் சீவிப் பார்த்தது.

2006-இல் சிட்ஸில் இறந்த 31 குழந்தைகளின் மூளைத்தண்டை வேறு காரணத்தால் இறந்த 10 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். செரட்டோனின் நரம்பணுக்களின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. அவற்றில் பல முதிராத தோற்றத்தில் இருந்தன. 1ஏ ஏற்பி குறைவாக இருந்தது, ஆண் குழந்தைகளில் இன்னும் குறைவு. செல் அதிகம், ஏற்பி குறைவு என்றால், செரட்டோனின் மிகையா, குறைவா? இரண்டுக்கும் வாதம் இருந்தது: மிகையாக வெளியாவதால் ஏற்பி சுருங்கியிருக்கலாம், அல்லது உற்பத்தி போதாமல் செல்கள் பெருகியிருக்கலாம். செரட்டோனினையே நேராக அளந்தால்தான் தீரும். 2010-இல் அளந்தார்கள். சிட்ஸ் குழந்தைகளின் ரஃபே ஆப்ஸ்கூரஸில் செரட்டோனின் 26 சதவீதம் குறைவு, டி.பி.எச்.2 நொதி 22 சதவீதம் குறைவு. செல்கள் இருக்கின்றன, பட்டறை ஓடவில்லை.

ஒரு எச்சரிக்கை: அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுக்கள் மிகச் சிறியவை, ஒவ்வொன்றிலும் ஐந்து குழந்தைகள். ஒரு வயதுக்குள் வேறு காரணத்தால் திடீரென இறந்த குழந்தைகளின் மூளைத்தண்டு ஆய்வுக்குக் கிடைப்பது அரிது. இதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது, ஆனால் சதவீதங்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. எல்லா சிட்ஸ் மரணத்திலும் செரட்டோனின் குறை இருப்பதாகவும் யாரும் சொல்லவில்லை.

1ஏ பூட்டு இறுகினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இத்தாலியில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் கொர்னேலியஸ் கிராஸ் குழு 2008-இல் விடை தந்தது. செரட்டோனின் செல்களில் 1ஏ ஏற்பியை மிகையாக வைத்த சுண்டெலிகள் நாள் முழுவதும் சாதாரணமாகத் தெரிந்தன. திடீரென்று ஒரு நாள் இதயத் துடிப்பும் உடல் சூடும் சரிந்தன. சில மீண்டன, பல இறந்தன. இதுவும் வளர்ச்சியின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டுமே. முன்னறிகுறி எதுவும் இல்லாத மரணம் ஆய்வகத்தில் அப்படியே அரங்கேறியதால் அந்தக் கட்டுரை பரபரப்பானது. சிட்ஸ் மூளைகளில் 1ஏ குறைவாகவும் இந்த எலிகளில் மிகையாகவும் இருப்பதைக் காட்டி அப்போதே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். எலி காட்டுவது நோயின் நகலை அல்ல, செரட்டோனின் உந்துதல் எந்த வழியில் அறுந்தாலும் விளைவு இப்படி இருக்கலாம் என்பதை.

மிகையும் ஆகாது. செரட்டோனினைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. நொதி இல்லாத சுண்டெலிகளில் செரட்டோனின் தேங்கி, மூச்சு வலைப்பின்னலும் உதரவிதான நரம்பணுக்களும் கோணலாக வளர்கின்றன என்று பிரான்சின் ஜெரார் ஹிலேர் குழு 2000-இல் காட்டியது. கருப்பைக்குள் இருக்கும்போதே அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். மன அழுத்தத்துக்கான செரட்டோனின் மருந்துகளைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சிலருக்கு முதல் சில நாள் நடுக்கம், வேக மூச்சு, பால் குடிப்பதில் சுணக்கம் வருவதுண்டு. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதற்காக மருந்தைத் தாய் தானே நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இரத்தப் பரிசோதனை இருக்கிறதா

இல்லை. உயிரோடிருக்கும் குழந்தையின் முகுளத்துச் செரட்டோனினை அளக்க வழி கிடையாது. 2017-இல் ராபின் ஹேன்ஸ், கின்னி குழுவினர் சிட்ஸில் இறந்த 61 குழந்தைகளின் இரத்த நீரைப் பார்த்தபோது, 19 பேரிடம், அதாவது 31 சதவீதத்தில், செரட்டோனின் மிக உயர்வாக இருந்தது. மூளையில் குறைவு, இரத்தத்தில் மிகை. தடுப்பு நடுவில் இருப்பதால் இரண்டும் முரண்படவில்லை; ஆனால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லவும் முடியாது. மீதி மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளிடம் அது இயல்பாக இருந்ததையும் பார்க்க வேண்டும். 2022-இல் சிட்னியிலிருந்து ப்யூட்ரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி பற்றிய ஆய்வு வந்தபோது, சிட்ஸின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகமெங்கும் செய்தி பறந்தது. இறந்த குழந்தைகளின் அளவும் பிழைத்தவர்களின் அளவும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. தனி ஒரு குழந்தையைச் சுட்டிக்காட்ட அது உதவாது.

வீட்டுக் கண்காணிப்புக் கருவி வாங்கினால் போதும் என்பதும் நடக்காது. அமெரிக்காவில் 1,079 குழந்தைகளை வீட்டில் கண்காணித்து 2001-இல் வெளியான சைம் ஆய்வில், 41 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை அளவைத் தாண்டிய மூச்சு நிற்றலோ இதயத் தளர்ச்சியோ ஒருமுறையாவது பதிவானது. நல்ல ஆரோக்கியக் குழந்தைகளிலும் அப்படித்தான். மணி அடித்துக்கொண்டே இருக்கும் கருவியைப் பெற்றோர் ஒரு வாரத்தில் அணைத்துவிடுவார்கள். சிட்ஸைத் தடுக்க இவற்றை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை.

முதல் வட்டத்தைத் தொட முடியாது, இரண்டாவது வயது சார்ந்தது. கைக்கு எட்டுவது மூன்றாவது மட்டும். செரட்டோனின் ஆய்வு முதிர்வதற்கு முன்பே, வெறும் புள்ளிவிவரத்தை வைத்து, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் தொடங்கியது. அமெரிக்காவில் 1992-இல் இலட்சம் பிறப்புக்கு 120 ஆக இருந்த சிட்ஸ் 2001-இல் 56 ஆனது. மல்லாந்து படுத்தால் விட்ட மூச்சு தேங்காது, எளிதாக விழிப்பு வரும், சூடு தங்காது. செரட்டோனின் தாங்கிப் பிடிக்க வேண்டிய மூன்று வேலைகளும் வராமலே போகின்றன. கெட்டியான, சமமான படுக்கை, தலையணையும் தளர்ந்த போர்வையும் பொம்மையும் வேண்டாம், பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கை, மிகையாகப் போர்த்தக் கூடாது, தாய்ப்பால். நான்கு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையை உட்காரும் இருக்கையில் தூங்க விட்டால், தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குழாய் மடங்கும். கழுத்து அப்படி மடங்கும் எந்தத் தொட்டிலுக்கும் இதுவே பொருந்தும்.

கர்ப்ப காலத்தில் புகையும் மதுவும் இரண்டு வட்டங்களைத் தொடுகின்றன. நிகோட்டின் கருவின் செரட்டோனின் செல்களை நேராகவே சென்றடைகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் அமெரிக்காவின் டக்கோட்டா பகுதியிலும் சுமார் 12,000 கர்ப்பங்களைத் தொடர்ந்த ஆய்வு 2020-இல் வந்தது. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகும் புகை, மது இரண்டையும் தொடர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு சிட்ஸ் ஆபத்து ஏறக்குறைய 12 மடங்கு.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நிற்றல் இதோடு குழப்பிக்கொள்ளப்படுவதால் அதையும் சொல்லிவிட வேண்டும். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்குக் குறைவாக நின்று இதயத் துடிப்போ ஆக்சிஜனோ சரிந்தாலோ அது சிகிச்சைக்குரியது. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இது வரும். மருந்து காஃபின் சிட்ரேட்: முதலில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு நாள்தோறும் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், மருத்துவமனைக் கண்காணிப்பில். மூச்சை அடக்கும் அடினோசினின் ஏற்பிகளை அடைப்பது அதன் வேலை; செரட்டோனினை அது ஈடுகட்டுவதில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு சிட்ஸ் ஆபத்தும் கூடுதல்தான், ஆனால் மருத்துவமனையில் மூச்சு நின்று நின்று வந்த குழந்தைதான் பின்னால் சிட்ஸுக்கு ஆளாகும் என்று கணிக்க முடியாது. வீட்டுக்கு அனுப்புவதற்குச் சில நாள் முன்பிருந்தே அவர்களையும் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்குவது பச்சிளங்குழந்தைப் பிரிவின் வேலை. இல்லாவிட்டால், குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரலுக்கு நல்லது என்று அங்கே செய்வதைப் பார்த்த பெற்றோர், வீட்டிலும் அப்படியே செய்வார்கள்.